ஒற்றை ஓமும் இரட்டை ஓமும்

1

இந்த நாட்டில் வந்திறங்கிய திகதி ஒவ்வொரு வருடமும் வரும்போது என் வீட்டில் இரண்டு காரியம் நடக்கும். ஹபீபா நெய்ச்சோறு ஆக்குவாள். நான் ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒரு குறிப்பு எழுதுவேன். நெய்ச்சோற்றைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. குறிப்பைப் பற்றிச் சொல்கிறார்கள். "ஒவ்வொரு வரியிலயும் ஒரு திகதி, கலண்டரப் படிக்கிற மாதிரி இரிக்கி" என்று மருதமுனையிலிருந்து என் ராத்தாவே, கூடப்பிறந்த அக்காவே, சொல்லிவிட்டாள். அதனால் இந்த வருடம் திகதிகளைக் குறைத்திருக்கிறேன். ஒரேயொரு திகதி மட்டும் கடைசியில் வரும். அதை விடமுடியாது. இந்தக் குறிப்பை எழுதவைத்ததே அதுதான்.

வழக்கம்போல நெய்ச்சோறு தாளிக்கிற வாசம் வந்துகொண்டிருந்த சனிக்கிழமை. மகள் ஸஹ்லா கைப்பேசியோடு படியிறங்கி வந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. இந்த நாட்டில் பிறந்து, இங்கேயே படித்து, தமிழைத் தானாக விரும்பிக் கற்றுக்கொண்டவள். என்னுடைய கதையொன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்புக் கதைகள் மட்டும் வெளியிடும் ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தாள். அவர்கள் தயாரிக்கும் தொகுப்பில் அது வந்தால் அவளுடைய பெயர் முதன்முதலாக ஒரு புத்தகத்தில் ஏறும். அதற்காக மூன்று மாதம் இரவுபகலாக என் வசனங்களோடு மல்லுக்கட்டியவள்.

"வாப்பா, கிளேர் பதில் போட்டிரிக்கா."

கிளேர் அந்தத் தொகுப்பின் ஆசிரியை.

"என்னவாம்?"

"ஓமாம். ஆனா…"

இந்த 'ஆனா'வுக்குள்தான் எல்லாம் இருந்தது.

2

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் இத்தனை வீம்பு பிடித்தேன் என்று உங்களுக்கு விளங்காது.

எங்கள் பக்க வழக்கப்படி பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும். வீடும் அவர்கள்தான் கொடுக்கவேண்டும். மருதமுனையில் ஒரு தாய் நல்ல சேலை உடுத்து, தன் மச்சியையும், அதாவது நாத்தனாரையும், துணைக்குக் கூட்டிக்கொண்டு, சம்மாந்துறையில் வயலும் நெல் ஆலையும் உள்ள ஒரு வீட்டுக்குப் போகிறாள். மாப்பிள்ளையின் தாய் வரவேற்கிறாள். தேத்தண்ணி வருகிறது. பலகாரம் வருகிறது. பெண்ணின் தாய் வந்த விஷயத்தைச் சொல்கிறாள். அதற்குப் பிறகு இப்படி:

"ஓம் ஓம்… பாப்பமே ராத்தா. இந்த வெள்ளாமை வெட்டி முடியட்டுமே."

துணைக்கு வந்த மச்சிக்கு விவரம் போதாது. "வெட்டு எப்ப மச்சி?" என்று கேட்டுவிடுகிறாள்.

"அது அல்லாட நாட்டம். தேத்தண்ணியக் குடிங்க, ஆறுது."

அவ்வளவுதான். இரண்டு பெண்களும் குடித்துவிட்டு எழும்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்கிறாள், "என்ன உம்மா?" தாய் சேலை மடிப்பை நீவிக்கொண்டே சொல்கிறாள், "அவங்க வெள்ளாமை வெட்டுறாங்களாம்." மகள் எழும்பிப் போய்த் தேங்காய் துருவத் தொடங்குகிறாள். கதை முடிகிறது.

கல்முனைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிறந்த யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை. ஒற்றை ஓம் சம்மதம். இரண்டு ஓம் சேர்ந்து வந்து, இரண்டாவது கொஞ்சம் இழுபட்டு, பின்னால் ஒரு 'பாப்பம்' வந்தால், அது கதவு. சத்தம் கேட்காமல் சாத்தப்படுகிற கதவு. வெள்ளாமை வெட்டு என்கிற நெல்லறுவடைதான் அந்தக் கதவின் பூட்டு. எங்கள் பக்கம் வருடத்துக்கு இரண்டு போகம். ஒன்று முடிய மற்றது தொடங்கிவிடும். வெள்ளாமை முடிகிற நாள் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

திகதிப் பைத்தியமான நான் இதிலிருந்து ஒரு விதியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். எங்களுடைய ஆட்கள் சம்மதித்தால் திகதி சொல்வார்கள். மறுத்தால் பருவம் சொல்வார்கள். "வாற வெள்ளிக்கிழமை வாங்க" என்றால் காரியம் பழம். "மழை விடட்டும்", "நோன்பு முடியட்டும்", "வெட்டு முடியட்டும்" என்றால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்.

கிளேர் எழுதியிருந்தது இது. கதை எல்லோருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. ஒரேயொரு சின்ன விஷயம். மாப்பிள்ளையின் தாய் இரண்டு தடவை ஆம் என்கிறாள். அடுத்த பக்கத்தில் எல்லாம் முறிந்துபோனதுபோல் அந்தப் பெண் தேங்காய் துருவுகிறாள். நடுவில் என்ன நடந்தது என்று வாசகர்கள் ஒருவேளை தடுமாறக்கூடுமோ என்று தனக்கு ஒரு எண்ணம். அவள் மறுக்கிறாள் என்பதைச் சுட்டுகிற ஒரு வரியைச் சேர்ப்பது பற்றி நாங்கள் யோசிக்க விரும்பலாமோ? இன்னுமொன்று: கதையில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை, தயவுசெய்து என்பதில்லை. இதனால் பாத்திரங்கள் சற்று மரியாதை குறைந்தவர்களாகத் தெரியலாம்.

நான் இரண்டு தரம் வாசித்தேன். முதலாவது குற்றச்சாட்டு, என் பாத்திரங்கள் மரியாதை மிகுந்து போய் விளங்காமல் பேசுகிறார்கள் என்பது. இரண்டாவது, அதே பாத்திரங்கள் மரியாதை கெட்டவர்கள் என்பது. ஒரே கடிதத்தில், ஒரே ஆட்களைப் பற்றி.

"யோசிக்க விரும்பலாமோ எண்டுதானே கேட்டிரிக்கா? நான் விரும்பல்ல" என்றேன்.

ஸஹ்லா என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "வாப்பா, அது கேள்வியில்ல. அது ஓடர்."

3

வந்த புதிதில் இது எனக்கு விளங்க நெடுநாள் எடுத்தது. குடிவரவு அலுவலகத்தில் நடந்த முதல் நேர்காணலில், எனக்கு உதவிக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனிதர். அதிகாரி கேள்வி கேட்பார், இவர் தமிழில் சொல்வார், நான் "ஓம்" என்பேன். நாலைந்து ஓம் ஆனதும் அவர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார், "சார், பேரைப் பார்த்தா முஸ்லிமா இருக்கீங்க. ஏன் சார் ஒவ்வொரு கேள்விக்கும் ஓம், ஓம்னு மந்திரம் சொல்றீங்க?"

பயத்தில் ஜெபிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் சிரிக்க, அதிகாரி நிமிர்ந்து பார்க்க, என் கோப்பில் என்ன எழுதினார்களோ தெரியாது.

பிறகு பக்கத்து வீட்டுப் பெண்மணி. இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம் வேலிக்கு மேலால் சிரித்து, "ஒருநாள் நீங்கள் எல்லோரும் கட்டாயம் தேநீருக்கு வரவேண்டும்" என்றாள். கட்டாயம் என்ற சொல்லை நான் அப்படியே நம்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹபீபா வட்டிலப்பம் அவித்து, நான் கோட்டு போட்டு, கைக்குழந்தை ஸஹ்லாவையும் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினோம். அவள் தலையில் துவாயோடு வந்து திறந்தாள். முகத்தில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அடுத்த கணம், "அட, எவ்வளவு நல்லது!" என்று உள்ளே கூப்பிட்டாள். பிஸ்கட் டின்னைத் தேடி எடுத்தாள். வட்டிலப்பத்தைக் கரண்டியால் தொட்டுப் பார்த்து, "இது மிகவும் சுவாரசியமாக இருக்கிறதே" என்றாள். நாங்கள் மகிழ்ந்து போனோம். அடுத்த மாதமும் ஒன்று அவித்துக் கொடுத்தோம்.

சுவாரசியம் என்றால் தின்னமுடியவில்லை என்று அர்த்தம். அது விளங்கிய அன்றுதான் எனக்கு இந்த ஊர்க்காரரில் முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது. ஆகா, இவர்களும் எங்கள் ஆட்கள்தான் என்று நினைத்தேன். இவர்களிடமும் இரட்டை ஓம் இருக்கிறது. 'கட்டாயம் ஒருநாள்' என்பதில் திகதி இல்லை என்பதை நான் கவனித்திருக்கவேண்டும்.

ஆகவே கிளேரின் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்தது அவள் வெள்ளைக்காரி என்பதற்காக அல்ல. ஒரு சின்ன ஆணையை 'ஒருவேளை', 'எண்ணம்', 'விரும்பலாமோ' என்று ஏழு துணியில் சுற்றி அனுப்பத் தெரிந்த ஒருத்தி, என் சம்மாந்துறைத் தாய் ஒரு மறுப்பை ஒரேயொரு வெள்ளாமையில் சுற்றியதற்கு விளக்கவுரை கேட்கிறாளே என்பதற்காக. தன் முக்காடு முகத்துக்கு அழகு, பிறத்தியாளுடைய முக்காடு மட்டும் மர்மமா?

4

நெய்ச்சோறு மேசைக்கு வந்தபின் வாக்குவாதம் முற்றியது.

"ஒரு வரிதானே வாப்பா" என்றாள் ஸஹ்லா. "'அவள் சொன்னது இல்லை என்றுதான்' எண்டு ஒரு வரி. ஒங்கட தமிழ்க் கதையில ஒண்டும் மாறாது."

"மாறும். அந்தத் தாய் செத்துப்போவா."

"ஆரும் சாகமாட்டாங்க. இது கதை."

"இஞ்ச பாரு மகள். அவ ஏன் இல்லண்டு சொல்லல்ல?"

"பயம். கூச்சம். நம்மட ஆக்கள் ஒருத்தரும் நேரா கதைக்கிறல்ல, அதுதான் பிரச்சினை. போன மாசம் மாமி கலியாணத்துக்குக் கூப்பிட்டாவே, நான் வரமாட்டம் எண்டு நேரா சொன்னன். என்ன நடந்திச்சி?"

சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஹபீபா திரும்பினாள். "என்ன நடந்திச்சா? நான் ஒரு கிழமை முழுக்க மாமிக்குக் கோல் எடுத்து, புள்ளைக்குத் தமிழ் வராது, 'வர ஆசைதான்' எண்டுதான் சொல்லப் பாத்தா எண்டு சொல்லிச் சொல்லித் தொண்ட வத்திப்போச்சி. அதான் நடந்திச்சி."

"எனக்குத் தமிழ் வராதெண்டா சொன்ன நீங்க?"

"வேற என்னத்தச் சொல்லுற? புள்ளைக்கு மரியாதை வராதெண்டா?"

நான் ஸஹ்லாவுக்குச் சொன்னது இது. அந்த இரண்டு தாய்மாரும் நாளைக்குக் கல்முனைச் சந்தையில் ஒரே மீன்கூடைக்கு முன்னால் நிற்கவேண்டியவர்கள். மையித்து விழுந்த சாவு வீட்டில் ஒரே பாயில் இருக்கவேண்டியவர்கள். இல்லை என்ற சொல் வாயிலிருந்து விழுந்திருந்தால் அது இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து நாறும். விழவில்லை. ஆகவே யாரும் மறுக்கவில்லை, யாரும் மறுக்கப்படவில்லை. அந்தப் பெண்ணின் தாய் சேலை கசங்காமல் திரும்பி வரமுடிந்தது. முகத்தாட்சணியம் என்று நாங்கள் சொல்வது பயத்தின் பெயரல்ல. அடுத்தவர் முகத்தைக் கையில் ஏந்தி, கீழே போடாமல் திருப்பிக் கொடுப்பதன் பெயர். ஒரு தாய் தன் வீட்டில் இத்தனை பாடுபட்டுச் செய்யாமல் விட்ட காரியத்தை, நான் அச்சில் ஒரு வரியில் செய்துவிடுவதா?

"கதையில ஆக்கள் மனசத் தொறந்து கொட்டினா நான் புத்தகத்த மூடிருவன்" என்றேன். "பிரசங்கம் கேக்க வேற இடம் இரிக்கி."

என் வாழ்நாள் வாசிப்பிலிருந்து நான் பிடித்து வைத்திருக்கும் நம்பிக்கை இது. ஒரு நல்ல உரையாடலில் அர்த்தம் சொல்லில் இருப்பதில்லை. பேச்சு எந்த இடத்தில் தேத்தண்ணிக்குத் திரும்புகிறதோ, அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. தன் ஊரைத் தவிர மற்ற ஊர்க்காரரெல்லாம் வெளிப்படையாகப் பேசவேண்டும் என்று எதிர்பார்க்கிற வாசகருக்கு நான் எழுதவில்லை.

நன்றி விவகாரத்துக்கும் பதில் வைத்திருந்தேன். "ராத்தா" என்று கூப்பிட்டாயிற்று. "குடிங்க" என்று 'ங்க' போட்டாயிற்று. அதற்கு மேல் ஒரு நன்றியும் வைத்தால், எங்கள் பக்கம் அது உறவு முறிந்த ஆட்கள் பேசுகிற பேச்சு.

ஸஹ்லா தன் தட்டை ஒதுக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க சொல்லுறதெல்லாம் சரி வாப்பா. ஆனா இன்னும் எத்தனையோ பேர் அந்த இடத்துக்குக் காத்திரிக்காங்க. நீங்க மாட்டன் எண்டா கதை போயிரும். கதை ஒங்கட. தொகுப்பில வாற பேர் என்ட."

அது உண்மை. நெய்ச்சோறு ஆறிப்போயிருந்தது.

"ஒங்கட கதைய விட ஒங்கட வீம்பு பெரிசு" என்றாள் ஹபீபா.

5

மறுநாள் ராத்தாவுக்கு அழைப்பெடுத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். வாயை அடக்கி வைக்கிற வழக்கமும் இல்லாதவள். கதை என்று சொல்லாமல் அந்த ஒரு காட்சியை மட்டும் வாசித்தேன். 'வெள்ளாமை வெட்டி முடியட்டுமே' என்ற இடத்துக்கு வந்தபோதே மறுமுனையில் "ச்சே" என்ற சத்தம்.

"பாவம் அந்தப் பொம்புள. சேலையெல்லாம் உடுத்துப் போயிரிக்கா."

நான் தொடர்ந்தேன். "வெட்டு எப்ப மச்சி" என்றதும் ராத்தா சிரிக்கத் தொடங்கினாள். கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவேண்டியதாயிற்று.

"அந்த மூதேவிய ஆர் கூட்டித்துப் போன? ஒவ்வொரு குடும்பத்திலயும் ஒண்டு இரிக்கும். சரி தம்பி, இது ஆருட ஊட்ட நடந்த? எனக்கிட்டச் சொல்லு, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"கற்பனை ராத்தா."

"ஓம் ஓம்" என்றாள் ராத்தா. இரண்டாவதை நன்றாக இழுத்து.

நான் நம்பப்படவில்லை என்பது எனக்கு உடனே விளங்கியது. விளக்கவுரை தேவைப்படவில்லை.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். மகளின் பெயர் வருகிற காரியம், ஒரு வரி எழுதச் சொல்கிறார்கள் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "புள்ளைக்கு ஆசையெண்டா எழுதிக் குடு" என்றாள். பிறகு, "ஆனா அப்பிடி எழுதினா அதுல சிரிப்பு இரிக்காதே" என்றாள்.

6

புதன்கிழமை பிற்பகல் கிளேர் காணொளியில் வருவதாக ஏற்பாடு. நான் ஒரு முடிவோடு இருந்தேன். வரி சேர்க்கமாட்டேன். கதை போனால் போகட்டும். அதை மகளே சொல்லட்டும் என்று விட்டிருந்தேன்.

"நான் எப்பிடி அவக்குச் சொல்லுற?" என்று காலையிலிருந்து புறுபுறுத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்டு சொல்லு. நீதானே நேரா கதைக்கிற ஆள்."

குத்தலாகத்தான் சொன்னேன்.

சமையலறை மேசையில் மடிக்கணினி. கிளேர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, களைத்த முகமுள்ள பெண். கையில் ஒரு கோப்பைத் தேநீர். மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். மொழிபெயர்ப்பைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னாள். இந்த ஆறு மாதத்தில் தன் கைக்கு வந்தவற்றில் இதுதான் தன்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தது என்றாள். ஸஹ்லாவின் முகம் சிவந்துவிட்டது. பிறகு கிளேர் மிக மெதுவாக, "அந்த வரியைப் பற்றி யோசிக்க உங்களுக்கு நேரம் கிடைத்ததோ தெரியவில்லை" என்றாள்.

ஸஹ்லா என்னைப் பார்த்தாள். கிளேரைப் பார்த்தாள். தன்னை இப்போதுதான் வாயாரப் புகழ்ந்த ஒரு மனுஷி, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருக்கிறாள். எங்கே, நேராகப் பேசுகிறவள் பேசட்டும் என்று நான் இருந்தேன். அவளுடைய வாய் 'இல்லை'க்குத் திறந்தது எனக்குத் தெரிந்தது. அது வரவில்லை.

"ஆம், ஆம்…" என்றாள் ஆங்கிலத்தில். இரண்டாவது தானாக இழுபட்டது. "பார்ப்போம் கிளேர். அறுவடை முடியட்டும்."

வேண்டுமென்று சொல்லவில்லை. பிறகு சத்தியம் பண்ணினாள். மூன்று மாதம் அந்த வசனத்தோடு கிடந்ததில், அந்த இக்கட்டில் வாய்க்கு வந்தது அது ஒன்றுதான்.

அடுப்படியில் ஹபீபாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"அறுவடையா?" என்றாள் கிளேர்.

ஸஹ்லா விளக்கவில்லை. விளக்கியிருந்தால் நான் எழும்பிப் போயிருப்பேன். "எங்கள் பக்கம் வருடத்துக்கு இரண்டு" என்று மட்டும் சொன்னாள்.

கிளேர் கோப்பையைக் கீழே வைத்தாள். நெற்றி சுருங்கியது. அது விரிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கண், பிறகு வாய்.

"நீ என்னிடம் முடியாது என்கிறாய்" என்றாள் ஸஹ்லாவிடம்.

ஸஹ்லா மெல்ல, "உங்கள் தேநீர் ஆறுகிறது" என்றாள்.

அந்தப் பெண் சிரித்த சிரிப்பு, மருதமுனை ராத்தாவின் சிரிப்புக்கு அப்படியொன்றும் குறைந்ததல்ல. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, தன் மேசையில் கிடந்த பக்கங்களைப் புரட்டினாள். "அப்படியென்றால் அந்தத் தாயும்… ஓ. அந்தப் பெண் அதனால்தான் தேங்காய் துருவுகிறாள்." கொஞ்சநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அந்த முட்டாள் மச்சி. இல்லையா? வெட்டு எப்போது என்று கேட்டவள்."

நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை. முகம் முறிக்கக்கூடாதல்லவா.

பிறகு கிளேர் என் பக்கம் திரும்பி, நேரே என்னிடம் பேசினாள். ஒருவேளையும் இல்லை, எண்ணமும் இல்லை. "வரி வேண்டாம். நன்றியும் வேண்டாம். இருப்பதுபோல் இருக்கட்டும். திருத்தம் பார்க்கும் பிரதியை வருகிற பன்னிரண்டாம் திகதி, வியாழக்கிழமை அனுப்புகிறேன். சரியா?"

திகதி சொல்லிவிட்டாள்.

ஸஹ்லா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். அடுப்படியிலிருந்து ஹபீபாவின் குரல் வந்தது: "இன்னும் என்னத்த யோசிக்கிறீங்க? சொல்லுங்களேன். ஒருக்கா மட்டும்."

"ஓம்" என்றேன்.